ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், ரெண்டு கம்ப்யூட்டர்: எந்த ஸ்விட்ச் வாங்குறது? கேள்வி பதில்

ஒரே கீபோர்டு, மவுஸ், மானிட்டரை பல கம்ப்யூட்டருக்கு மாத்தி விடுற பெட்டிக்கு கேவிஎம் ஸ்விட்ச்னு பேரு. சர்வர் ரூம் வேலையில இருந்து இந்தப் பெட்டிகளோட ரொம்ப வருஷம் பழகியிருக்கேன், இப்ப வீட்டு மேஜையிலயும் ரெண்டு மெஷின். வந்த கேள்விகளுக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ஆஃபீஸ் லேப்டாப் ஒண்ணு, சொந்த டெஸ்க்டாப் ஒண்ணு, 4கே மானிட்டர் ஒண்ணு. கேவிஎம் ஸ்விட்ச் வாங்கணும், எது நம்பிக்கையா இருக்கும்?

முதல்ல ஒண்ணு யோசிங்க, மானிட்டர் அந்தப் பெட்டி வழியா போயே ஆகணுமா? உங்க மானிட்டர் பின்னாடி ரெண்டு மூணு இன்புட் இருக்கும், லேப்டாப்பை ஒண்ணுல டெஸ்க்டாப்பை இன்னொண்ணுல நேரா சொருகிட்டு மானிட்டர் பட்டன்லயே மாத்திக்கலாம், கீபோர்டு மவுஸுக்கு மட்டும் ஒரு யூஎஸ்பி ஸ்விட்ச் போதும். நான் பார்த்த தொல்லையில முக்காவாசி வீடியோ பக்கம்தான். 4கே 60 ஹெர்ட்ஸ் முழுசா வரணும்னா எச்டிஎம்ஐ 2.0 வேணும், அதாவது நொடிக்கு 18 ஜிகாபிட், பழைய 1.4 பெட்டி 30 ஹெர்ட்ஸ்லயே நின்னுடும், ஆனா அட்டையில ரெண்டுலயும் "4கே"ன்னுதான் போட்டிருப்பான். அதோட நீங்க மாத்துற நொடியில அந்தப் பக்கத்து கம்ப்யூட்டர் மானிட்டரைப் புடுங்கிட்டாங்கன்னு நினைச்சுக்கும், திறந்து வச்ச விண்டோ எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். மானிட்டர் தன்னைப் பத்தி சொல்ற ஈடிஐடி தகவலைப் பிடிச்சு வச்சுக்கிற பெட்டியில இது நடக்காது, ஆனா விலை எங்கயோ போயிடும்.

யூஎஸ்பி ஸ்விட்ச்சே வாங்கினாலும் தனி பவர் அடாப்டர் போடுற வசதி இருக்கான்னு பாருங்க. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், லைட் எரியுற கீபோர்டு, வெப்கேம், ஹெட்செட்னு எல்லாத்தையும் அதுல தொங்க விட்டா அப்பப்ப விட்டு விட்டு வேலை செய்யும். அதைவிட மோசம் மலிவு பெட்டியில உள்ள 5 வோல்ட் லைன் ரெண்டு பக்கத்துக்கும் சேர்ந்தே ஓடுறது. ஒரு கம்ப்யூட்டர் கரண்ட் இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள திருப்பி ஏறும். வாங்கின அன்னைக்கே டெஸ்ட் பண்ணுங்க: டெஸ்க்டாப்பை ஷட்டவுன் பண்ணி ப்ளக்கையும் சுவத்துல இருந்து கழட்டிடுங்க, ஸ்விட்ச் கேபிள் மட்டும் இருக்கட்டும். கொஞ்ச நேரம் கழிச்சும் மதர்போர்டுல லைட் ஏதாவது எரிஞ்சா அந்தப் பெட்டியை கடையிலயே திருப்பிக் கொடுத்துடுங்க.

ஸ்க்ரோல் லாக் ரெண்டு தடவை அழுத்தினா மாறும்னு போட்டிருக்கு. என் கீபோர்டுல அந்தக் கீயே இல்லையே?

ஹாட்கீயை, அதாவது கம்ப்யூட்டர் மாத்த அழுத்துற கீயை, நாமளே வேற கீயா வச்சுக்க முடியுற மாடலா பாருங்க. இல்லேன்னா வயர்ல நீட்டின பட்டன் வர்ற மாடல் எடுங்க, பெட்டியை மேஜைக்கு அடியில ஒட்டிட்டு பட்டனை மட்டும் மேல வச்சுக்கலாம்.

வயர்லெஸ் மவுஸ் ரிசீவரை ஸ்விட்ச்ல போட்டதும் மவுஸ் திக்கித் திக்கி நகருது.

பக்கத்துல ஹார்ட் டிஸ்க் மாதிரி யூஎஸ்பி 3.0 சமாச்சாரம் ஏதாவது ஓடுதா? அதோட இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல போய் விழும், இன்டெல் 2012லயே இதை அளந்து எழுதியிருக்காங்க. ஒரு முழ நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன்ல ரிசீவரைப் போட்டு மவுஸ் பக்கத்துல கொண்டு வந்து வைங்க, பெரும்பாலும் அதோட சரியாயிடும்.

எமுலேஷன் இல்லாத வெறும் யூஎஸ்பி ஸ்விட்ச்சை சிபாரிசு பண்றீங்க, இது தப்பு. மாத்துற ஒவ்வொரு தடவையும் கீபோர்டைப் புடுங்கி சொருகின மாதிரி ரெண்டு மூணு நொடி போகுது. நல்ல கேவிஎம்ல இது கிடையாது.

நீங்க சொல்ற தாமதம் உண்மை. எமுலேஷன் பெட்டி ஒவ்வொரு கம்ப்யூட்டர்கிட்டயும் "நான்தான் கீபோர்டு"ன்னு எப்பவும் நடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால பட்டன் அழுத்தின உடனே மாறும். சர்வர் ரூம்ல நானே அதைத்தான் கேட்டு வாங்குவேன். ஆனா அது நடிக்கிறது ஒரு சாதா கீபோர்டா. வால்யூம் கீ, மவுஸோட சைடு பட்டன், நாமளே கீ மாத்தி எழுதிக்கிற மெக்கானிக்கல் கீபோர்டு, இதுல எது காணாமப் போகும்னு வாங்கிப் பார்த்தாதான் தெரியும். என்கிட்ட இருந்த ஒண்ணு வாரத்துக்கு ஒரு தடவை அப்படியே உறைஞ்சு போகும், அடாப்டரைக் கழட்டி மாட்டினாதான் உயிர் வரும்.

அது பழைய பெட்டி. இப்ப வர்றது கீபோர்டை முழுசா படிச்சு அப்படியே காட்டுது. அதோட மூடி வச்சு தூங்குற லேப்டாப்பை உங்க வெறும் ஸ்விட்ச்ல எப்படி எழுப்புவீங்க?

கீபோர்டோட முழு அடையாளத்தையும் எடுத்துக் காட்டுற டைனமிக் டிவைஸ் மேப்பிங் வகை இருக்கு, நல்லாவும் இருக்கு, அதுக்கு காசு கொடுக்க முடிஞ்சா தாராளமா வாங்குங்க. எழுப்புற விஷயத்துல நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். வெறும் ஸ்விட்ச் அந்தப் பக்கம் இல்லாதப்ப லேப்டாப்புக்கு கீபோர்டே கிடையாது, மாத்தி விட்டு தட்டினாலும் பல லேப்டாப் எழுந்திருக்காது. மூடியே வச்சிருக்கிறவங்க எமுலேஷன் பக்கம் போறதுதான் சரி, முதல் பதில்ல இதை நான் சொல்லியிருக்கணும். கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப வர்ற பயாஸ் செட்டிங்குக்குள்ள போக டெலீட் கீயை அடிக்கடி தட்டுறவங்களுக்கும் அப்படித்தான். ஆனா திறந்து வச்ச லேப்டாப், நாளைக்கு நாலஞ்சு தடவை மாத்துறது, இவ்வளவுதான்னா ரெண்டு நொடிக்காக பல மடங்கு விலை கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரல.

கேம் ஆடுவேன். மவுஸ் லேட் ஆகுமா?

எமுலேஷன் போர்ட்ல போட்டா ஆகலாம், நொடிக்கு 1000 தடவை பேசுற மவுஸ் அங்க 125க்கு இறங்குறது உண்டு. அதே பெட்டியில சாதா யூஎஸ்பி ஹப் ஓட்டை இருக்கும், மவுஸை அதுல மாட்டுங்க.

பெட்டியே இல்லாம சாஃப்ட்வேர்ல முடியாதா?

முடியும். விண்டோஸ் ரெண்டுன்னா மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ்ல மவுஸ் வித்அவுட் பார்டர்ஸ் இருக்கு, விண்டோஸ் லினக்ஸ் கலந்து இருந்தா டெஸ்க்ஃப்ளோ, மேக் மட்டும்னா யுனிவர்சல் கன்ட்ரோல் சிஸ்டத்துலயே வருது. இதெல்லாம் ரெண்டு மெஷினும் பூட் ஆகி நெட்வொர்க்ல இருந்தாதான். ஆஃபீஸ் லேப்டாப்ல ஐடி டீம் அனுமதி இல்லாம தயவுசெஞ்சு போடாதீங்க, நீங்க அடிக்கிற பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அது வழியா போகுது.

லேப்டாப்பும் வீட்டு பிசியும் இருக்கு, ஒரு மானிட்டர், எது வாங்கலாம்?

முதல் பதில்ல சொன்னதுதான். அடாப்டர் போடுற வசதியைப் பாருங்க.

ரெண்டு மேக்புக், ஒரு மானிட்டர், பட்ஜெட் கம்மி...

முதல் பதிலேதான். அடாப்டர் போடுற ஓட்டை இருக்கான்னு போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க.

பேங்க் வேலை, ரெண்டு நெட்வொர்க் கலக்கவே கூடாது.

கடைப் பெட்டி வேண்டாம். செக்யூர் கேவிஎம்னு தனி வகை இருக்கு, உங்க செக்யூரிட்டி டீம் சொல்றதை மட்டும் வாங்குங்க.

பிராண்ட் பேரு மட்டும் சொல்லுங்க, போதும்.

சொல்ல மாட்டேன், ஒரே பேருல நல்ல மாடலும் மோசமான மாடலும் ரெண்டும் வருது. கடையில ரெண்டே கேள்வி கேளுங்க: தனி அடாப்டர் போடலாமா, பத்து நாளுக்குள்ள திருப்பித் தரலாமா.

எமுலேஷன் பத்தி கேட்டவன்தான். உங்க ப்ளக் டெஸ்ட்டை என் பெட்டியில பண்ணேன், பிசி மதர்போர்டுல லைட் எரியுது!

கேபிளை இப்பவே கழட்டுங்க. அடாப்டர் மாட்டியிருந்துச்சா இல்லையா? மாட்டி ஒரு தடவை, மாட்டாம ஒரு தடவை பண்ணிட்டு மாடல் நம்பரோட எழுதுங்க, அதே பெட்டி வச்சிருக்கிற மத்தவங்களுக்கும் தெரியணும்.