அக்கா மகள் கல்யாணம் இங்கிலாந்தில்: நகைக்கடனைக் கூட்டலாமா?

கேள்வி: திருச்சியில் தனியார் வேலையில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 85,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 27,000. மூன்று வருடம் முன்பு தம்பி கல்யாணத்துக்காக மனைவியின் நகைகளை வைத்து வாங்கிய 3.2 லட்சம் கடன், வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைத்ததில் அப்படியே நிற்கிறது. லெஸ்டரில் இருக்கும் அக்காவின் மகளுக்கு ஜூன் கடைசியில் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமப்புறத்தில் கல்யாணம். தாய்மாமன் நான்தான். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஒரு வாரம் முன்பே லண்டன் வந்து எல்லோருமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார் அக்கா. கென்சிங்டனில் வீடு பிடித்துவிட்டார், என் பங்கு 1.6 லட்சமாம். சீருக்கு 2 பவுன். எல்லாம் சேர்த்து 9 லட்சம் ஆகும். ஜூனுக்கு முன் ஆர்.டி. 3.4 லட்சம் முதிர்கிறது. தங்கம் ஏறியிருப்பதால் அதே நகைகள் மேல் இன்னும் 4 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மீதிக்குத் தனிநபர் கடனா, ‘இப்போது பயணம், பிறகு பணம்’ திட்டமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த 4 லட்சமும் வேண்டாம்.

மீதி 1.6 லட்சத்துக்கு எந்தக் கடன் மலிவு என்று கேட்கிறீர்கள். உங்களை அரிப்பது அதுவல்ல, அந்த ‘மாற்றி வைப்பது’. 12 சதவீதம் என்று வைத்தால் 3.2 லட்சத்துக்கு வருடம் 38,000 ரூபாய் வட்டி. மூன்று வருடத்தில் 1.15 லட்சம் போய்விட்டது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. இன்னும் 4 லட்சம் ஏற்றினால் வட்டி மட்டும் வருடம் 86,000, அதாவது உங்கள் ஒரு மாதச் சம்பளம். விலை ஏறியது உங்கள் மனைவியின் நகைக்கு. அந்த லாபத்தை எடுத்து ஊர் சுற்றச் சொல்லும் ‘டாப்-அப்’ அழைப்புகளைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நாளை விலை இறங்கினால் கூடுதல் பணம் கட்டச் சொல்லி அழைப்பதும் அவர்கள்தான்.

கல்யாணத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். தாய்மாமன் போகத்தான் வேண்டும். ஆனால் நீங்களும் மனைவியும் மட்டும் போங்கள். ஜூனில் பள்ளி திறந்துவிடும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துத் தோராயமாகப் பார்ப்போம். இருவருக்கும் விமானம் 1.3 லட்சம். விசா கட்டணம் 2025 ஏப்ரலில் ஆளுக்கு 127 பவுண்டு ஆனது, எனவே இருவருக்கும் குறைந்தது 30,000. லண்டனில் மூன்று இரவு, மையத்திலிருந்து சற்றுத் தள்ளிச் சாதாரண ஓட்டலில் 40,000. கல்யாண ஊர்ப்பக்கம் இரண்டு இரவு 34,000. சாப்பாடு, பஸ் 43,000. ரயில், டாக்சி 15,000. நுழைவுச் சீட்டு, காப்பீடு 13,000. மொத்தம் 3 லட்சத்துக்குச் சற்று மேல். ஆர்.டி.க்குள் அடங்குகிறது.

மூன்று நாளில் லண்டனில் என்ன பார்க்க முடியும் என்பார் அக்கா. நிறையவே பார்க்கலாம், அதிலும் பாதி இலவசம். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் மூன்றின் நிரந்தரக் காட்சிகளுக்கும் கட்டணம் கிடையாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்திருந்தால், அவற்றின் உடன்பிறப்புகளை பிரிட்டிஷ் மியூசியத்தில் அவசியம் பாருங்கள். டிராஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் பஸ் ஏறினால் செயின்ட் பால் தேவாலயம் வழியாக லண்டன் கோபுரக் கோட்டை வரை போகலாம். 2025 கட்டணப்படி 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் அதே காசு. இதே தெருக்களைக் காட்டும் சுற்றுலா பஸ்ஸில் ஆளுக்கு 30 பவுண்டுக்கு மேல் போகும். காசு கொடுத்துப் பார்ப்பது அந்தக் கோட்டை ஒன்றாக இருக்கட்டும். கடைகளில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா பவுண்டா என்று இயந்திரம் கேட்டால் பவுண்டையே தொடுங்கள், ரூபாய்க்கு அவர்கள் வைக்கும் விகிதம் மோசம். நடுவில் பாரிஸ் என்று யாராவது கிளம்பினால் அதற்கு ஷெங்கன் விசா தனி, கட்டணமே 90 யூரோ.

காட்ஸ்வோல்ட்ஸுக்கு பாடிங்டனிலிருந்து மோர்டன்-இன்-மார்ஷ் வரை ஒன்றரை மணி நேர ரயில். முன்கூட்டியே வாங்கினால் சீட்டு மலிவு. அங்கே இறங்கியதும் லண்டன் மாதிரி வண்டி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், டாக்சியை முன்பே சொல்லி வையுங்கள். கல்யாணம் நடக்கும் மாளிகையில் அறை எடுக்காமல் அக்கம்பக்கத்துச் சிறு விடுதியில் தங்குங்கள். வார இறுதியில் பல இடங்களில் இரண்டு இரவுக்குக் குறைந்து தரமாட்டார்கள்.

சீர் விஷயத்தில் கவனம். 2025 டிசம்பரில் சென்னையில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பிரிட்டனுக்குள் 390 பவுண்டு மதிப்புக்கு மேல் பரிசுப் பொருள் கொண்டுபோனால் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும், இறக்குமதி வாட் வரி மட்டுமே 20 சதவீதம். சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் கல்யாண வீட்டுக்கே சங்கடம். பெண்ணும் மாப்பிள்ளையும் திருச்சி வரும்போது, உங்கள் வீட்டில் விருந்து வைத்து, அன்றைக்கு முடிந்ததைச் செய்யுங்கள். மண்டபத்தில் பட்டுப்புடவை, மாலை, தாம்பூலத் தட்டு போதும்.

இன்னொன்று. விசா அதிகாரி வங்கிக் கணக்கைப் பார்ப்பார். விண்ணப்பத்துக்குச் சற்று முன் எங்கிருந்தோ பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் சந்தேகப்படுவார். கடன் வாங்கிக் கணக்கை நிரப்பச் சொல்லும் ஏஜென்டின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆர்.டி. முதிர்வுத் தொகை என்றால் ரசீதோடு காட்டலாம்.

அக்காவிடம் இந்த வாரமே பேசுங்கள். வாட்ஸாப்பில் எழுதாமல் போனிலேயே சொல்லுங்கள்: “அக்கா, நாங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வர்றோம். லண்டன்ல மூணு நாள்தான், தங்கறத நாங்களே பாத்துக்கறோம். கென்சிங்டன் வீட்ல எங்க பங்கை எடுத்துரு.” தள்ளிப்போட்டால் அவர் உங்கள் பேரிலும் பணம் கட்டிவிடுவார், பிறகு மறுக்க முடியாது.

ஊர் திரும்பியதும் புது ஆர்.டி. தொடங்காதீர்கள். மாதம் 15,000 நகைக்கடனுக்கே போகட்டும், இரண்டே வருடத்தில் அடையும். அசலில் பகுதி கட்டும்போது அதற்கேற்ற நகையை விடுவிப்பார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால், அடுத்த முறை மாற்றி வைக்கும் நாளில் ஒரே அடகாக வைக்காமல் இரண்டு சீட்டாகப் பிரித்து, சிறியதை முதலில் மீட்டுவிடுங்கள்.