ரேடியேட்டருக்கு வலை போடலாமா?

கேள்வி: ஹோண்டா சிபி400எக்ஸ் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறேன். மாதம் இரண்டு தடவை துவாஸ் வழியாக மலேசியா போய் வருவேன். போன வாரம் வண்டியைக் கழுவும்போது பார்த்தால், ரேடியேட்டரில் ஏழெட்டு இடத்தில் தகடு மடங்கிக் கிடக்கிறது. பட்டறையில் 120 சிங்கப்பூர் வெள்ளிக்கு 'கார்டு' என்ற பாதுகாப்பு வலை போடச் சொல்கிறார்கள். வண்டி விழுந்தால்கூட ரேடியேட்டருக்கு ஒன்றும் ஆகாதாம். இணையத்தில் அதே மாதிரி ஒன்று 25 வெள்ளி. எதை வாங்குவது?
- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: பட்டறைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. அந்த வலை கல்லைத் தடுக்கும், விழுவதைத் தாங்காது. இரண்டுக்கும் வேண்டியது வேறு வேறு சாமான்.

முதலில் இருக்கும் சேதத்தைப் பாருங்கள். மடங்கியிருப்பது காற்றுக்கு வழிவிடும் மெல்லிய அலுமினிய இதழ்கள் என்றால் பயமில்லை. பல்குச்சியால் மெல்ல நிமிர்த்திவிடலாம். அவற்றுக்கு நடுவே குறுக்காகப் போகும் தட்டைக் குழாய்களில்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடுகிறது. குழாயில் குழி விழுந்திருக்கிறதா, பக்கத்தில் பச்சையாகவோ ரோஸாகவோ காய்ந்த கறை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னொன்று, எல்லாம் கல்லின் வேலையாக இருக்க வேண்டியதில்லை. அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் குழாயைக் கிட்டே பிடித்துக் கழுவினாலும் இதழ்கள் இப்படித்தான் படுத்துவிடும்.

வலை வாங்கிய கதை எனக்கும் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் மலாக்கா போகும் வழியில், பாகோ தாண்டியதும் வலது பூட்ஸ் நனைந்திருந்தது. மழை இல்லை. இனிப்பாக ஒரு வாடை, கூலன்ட் வாடை. ஓரம் கட்டுவதற்குள் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. ரேடியேட்டரில் வலை இருக்கத்தான் செய்தது, 18 வெள்ளி வலை. ஆனால் அது இதழ்களோடு ஒட்டியபடி மாட்டியிருந்தது. கல் வலையில் பட்டது, வலை குழாயில் குத்தியது. இழுவை லாரிக்கு மட்டும் 350 ரிங்கிட் கொடுத்தேன்.

அதனால் வெள்ளியைப் பார்க்கும் முன் இடைவெளியைப் பாருங்கள். மாட்டிய பிறகு வலையின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். உள்ளே வளைந்து இதழைத் தொட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்காக முன்னால் அதிகம் துருத்தவும் கூடாது. பிரேக் பிடித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது முன்சக்கரமும் மட்கார்டும் பின்னால் வந்து இடிக்கும். ஓட்டைகள் மிகச் சிறியதாக இருந்தால் காற்று குறையும். பூச்சியும் சேறும் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். வேகமாகப் போகும்போது இது தெரியாது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊர்ந்து போகும்போதுதான் தெரியும். அங்கே காற்றை இழுப்பது விசிறி மட்டும். வலை போட்ட பிறகு விசிறி முன்பைவிட நெடுநேரம் சுற்றினால் அந்த வலை உங்கள் வண்டிக்கு ஆகாது.

நானாக இருந்தால் வலைக்கு முன்பே முன் மட்கார்டின் கீழ்ப்பக்கத்தில் சேர்க்கும் நீட்டிப்புத் துண்டைத்தான் வாங்குவேன். ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் விழும் கல்லில் பெரும்பகுதியை எறிவது லாரி இல்லை, நம் முன்சக்கரமேதான்.

விழுவதற்கு வேண்டியது கிராஷ் பார் என்ற பாதுகாப்புக் கம்பி. வண்டி சாய்ந்து சறுக்கும்போது ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டி அடிபடாமல் தரையைத் தான் வாங்கிக்கொள்வது அதன் வேலை. அது வண்டியின் ஃபிரேமிலோ எஞ்சின் தாங்கியிலோ பூட்டியிருக்க வேண்டும். ரேடியேட்டர் தாங்கும் கிளிப்பிலேயே பூட்டுகிற மலிவான வகை வேண்டவே வேண்டாம். கம்பிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் விழும்போது கம்பியே மடங்கி உள்ளே குத்தும். நேருக்கு நேர் மோதி முன்சக்கரம் பின்னால் தள்ளப்பட்டால் வலை, கம்பி எதுவும் காப்பாற்றாது.

இனி 25 வெள்ளியா, 120 வெள்ளியா? இணையத்தில் உங்கள் வண்டியின் மாடல் வருடத்துக்கே உரியது கிடைத்து, நீங்களே மாட்டுவீர்கள் என்றால் 25 வெள்ளிச் சாமானும் போதும். பதிவுபெற்ற வெளிநாட்டுத் தளங்களில் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜொகூர் பாருவில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரைதான் வரிச் சலுகை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

இங்கே கடையில் வாங்கினால் ஒரு வசதி. நாம் 'லெமன் சட்டம்' என்று சொல்லும் பாதுகாப்பு 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. பழுதுபார்ப்பதோ மாற்றுவதோ முதல் படி, அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' இருக்கிறது. ரசீதில் "வண்டி மாடல், வருடத்துக்குப் பொருந்தும்" என்று எழுதி வாங்குங்கள். "விழுந்தாலும் ஒன்றும் ஆகாது" என்பதையும் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், எழுத மாட்டார்.

கேள்வி: அண்ணே, நான் ஹோண்டா பிசிஎக்ஸ் ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். எனக்கும் வலை வேண்டுமா?
- செங்காங் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் வண்டியில் ரேடியேட்டர் முன்சக்கரத்துக்குப் பின்னால் இல்லை, எஞ்சினின் வலது பக்கத்தில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. வலது பக்கம் சாய்ந்து விழுந்தால்தான் ஆபத்து. அந்த மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள், அதன் இடுக்கில் சேரும் அழுக்கை மாதம் ஒருமுறை எடுங்கள்.

கேள்வி: மண் லாரியிலிருந்து விழுந்த கல்லால் ரேடியேட்டர் ஓட்டை. காப்புறுதியில் கேட்கலாமா?
- புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: உங்களுடையது மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் உங்கள் வண்டிக்குச் சல்லிக்காசு வராது. லாரிக்காரரிடம் கேட்க வேண்டுமானால் லாரியின் எண்ணும், கல் அதிலிருந்துதான் விழுந்தது என்பதும் தெரியும்படியான கேமரா பதிவு வேண்டும். முழுக் காப்புறுதியாக இருந்தாலும், நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகை ரேடியேட்டர் விலையைவிட அதிகமா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.