“கையெழுத்துத்தானே?”

வணக்கம் ஐயா,

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அன்பியத்தில் (பங்கின் சிறு செபக்குழுவில்) ஒருவர் ஓட்டோ எடுக்க 15 இலட்சம் லீசிங் போடுகிறார், 48 மாதம். “கையெழுத்துத்தானே” என்று என்னைப் பிணை நிற்கக் கேட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை படிவம் நிரப்ப வேண்டும். கைக்கு வரும் சம்பளம் 95,000 ரூபா. வாடகை, பிள்ளைகளின் செலவு போக 12,000 மிஞ்சும். மனைவி வேண்டாம் என்கிறாள். அவர் நல்ல மனிதர், குடிப்பழக்கமும் இல்லை. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று ஆண்டவர் சொல்லியிருக்க, உதவி கேட்டு வந்தவரிடம் கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு இல்லையா? செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அவரைக் காண்பேன். என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இடது கை வசனம், தர்மம் செய்வதை ஊருக்குக் காட்டாதே என்பதற்குச் சொன்னது. கணக்குப் பார்ப்பவனைப் பற்றி ஆண்டவர் பேசுவது லூக்கா 14இல். கோபுரம் கட்ட நினைப்பவன், முடிக்கக் காசு இருக்கிறதா என்று முதலில் உட்கார்ந்து பார்க்கமாட்டானா என்கிறார். அந்த உவமை சீடராவதைப் பற்றியது, லீசிங்கைப் பற்றியதல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘உட்கார்ந்து’ என்ற சொல் நம் எல்லோருக்கும் ஆனது.

உட்காருவோம். வட்டி வீதத்தை நீங்கள் எழுதவில்லை. ஆண்டுக்கு 18 என்று வையுங்கள். மாதத் தவணை ஏறக்குறைய 44,060 ரூபா. 48 மாதத்தில் கட்டி முடிப்பது 21 இலட்சத்துக்கு மேல். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் பாதிக் கடன் தீராது. சுமார் 8 இலட்சத்து 82 ஆயிரம் நிற்கும், ஏனென்றால் ஆரம்பத் தவணைகளில் ஏறக்குறையப் பாதி வட்டிக்கே போகிறது. அந்த நேரத்தில் அவருக்குக் கால் முறிகிறது என்று வையுங்கள். மூன்று தவணை தவறுகிறது, ஓட்டோவை சீஸ் பண்ணுகிறார்கள், ஏலத்தில் 6 இலட்சத்துக்குப் போகிறது. மிச்சத்தையும் தாமதக் கட்டணத்தையும் யாரிடம் கேட்பார்கள்? உங்களிடம் இருப்பது மாதம் 12,000.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். அநேகமாக ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். நம் நாட்டில் பிணைக்கு அடிப்படையான ரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்புத் தருகிறது: முதலில் கடனாளியிடம் அறவிடப் பார்க்கவேண்டும், பல பிணையாளிகள் இருந்தால் ஆளுக்கொரு பங்குதான். வழமையாக அச்சடித்த படிவத்தில் இந்த இரண்டையும் நீங்கள் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். “கூட்டாகவும் தனித்தனியாகவும்” என்ற பொருளில் ஏதாவது கண்டால், முழுத் தொகையும் உங்கள் ஒருவர் தலையில் விழலாம் என்று அர்த்தம். அவர் பின்னால் எடுக்கும் கடனுக்கும் பிணை தொடருமா என்றும் பாருங்கள். அதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. பிணை நின்றது உங்கள் கிரிப் (CRIB, கடன் தகவல் பணியகம்) அறிக்கையிலும் பதிவாகும். நாளை நீங்கள் ஒரு காணித்துண்டுக்குக் கடன் கேட்டுப் போனால், அங்கே இதையும் பார்ப்பார்கள்.

அவர் நல்லவர், உங்கள் நோக்கமும் நல்லது. அது போதாதா? இடைக்கால இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் இதைத் துல்லியமாகப் பிரிக்கிறார். முன்கூட்டியே தெரிந்த விளைவு செயலின் நன்மை தீமையில் சேரும். தெரியாவிட்டாலும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும் என்றால் அதுவும் சேரும். எப்போதாவது தற்செயலாக நேர்வது சேராது. இடி விழுந்து ஓட்டோ எரிந்தால் உங்கள் மேல் பழியில்லை. தவணை தவறுவது இடி அல்ல. அதன் வலி உங்களுக்கு மட்டுமா? பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைக் கேட்காமலே அடகு வைக்கிறீர்கள்.

பிணையே பாவம் என்று சொல்ல வரவில்லை. நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரித்தாலும், யூதா தன் தம்பி பென்யமினுக்காகப் பிணை நின்றான். நெருக்கடி வந்தபோது “அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன்” என்று முன்னே வந்தான். பவுல் அடிமையான ஒனேசிமுவுக்காக அவன் எஜமான் பிலமோனுக்கு “நானே கட்டுவேன்” என்று தன் கையால் எழுதினார். இரண்டு பேரும் கடனைத் தங்கள் கடனாகவே எடுத்தார்கள். ‘கையெழுத்துத்தானே’ என்ற பேச்சு அங்கே இல்லை. ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி: முழுத் தொகையையும் நானே கட்டவேண்டி வந்தாலும் கட்டுவேன், அவரைப் பகைக்கமாட்டேன் என்று சொல்ல முடியுமா? 12,000இல் முடியாது. கையெழுத்துப் போடாதீர்கள்.

வெறுங்கையோடு போகவும் வேண்டாம். சேமிப்பில் 30,000 இருந்தால், திரும்பி வராது என்ற எண்ணத்தோடு முற்பணத்துக்குக் கொடுங்கள். பழைய ஓட்டோ ஒன்றைக் குறைந்த தொகைக்கு எடுக்க முடியுமா என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். 8 இலட்சம் என்றால் அதே வீதத்தில் தவணை 23,500. மறுப்பை மனைவி தலையில் போடாதீர்கள். “என்னிடம் மிஞ்சுவது இவ்வளவு, தவணை இவ்வளவு” என்று இலக்கத்தையே அவருக்குக் காட்டுங்கள்.

செவ்வாய் வரை வைத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் ஏற்கனவே தலையாட்டிவிட்டீர்கள், அவர் அதை நம்பி மற்றப் பிணையாளியைத் தேடுவதை நிறுத்தியிருப்பார். வாக்குக் கொடுத்துச் சிக்கியவனை நீதிமொழிகள் 6 கண்ணுக்கு நித்திரை கொடுக்காமல் போகச் சொல்கிறது. இன்றிரவே அவர் வீட்டுக்குப் போங்கள்.