குதிரையின் முதுகு இறுக்கம்: ஒத்தடம் எங்கே, எப்போது?

கேள்வி: என் தடைதாண்டும் குதிரைக்கு வயது 13. நொண்டல் எதுவும் இல்லை. ஆனால் காலையில் லாயத்திலிருந்து வெளியே வரும்போது முதுகு பலகை மாதிரி விறைத்திருக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் இளகிவிடுகிறது. சூடான ஒத்தடம் கொடுக்கலாமா? போட்டி முடிந்ததும் கால்களுக்கும் கொடுக்கலாமா?

பதில்: முதுகுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், சவாரிக்கு முன்பு. போட்டி முடிந்த கையோடு கால்களுக்கு மட்டும் வேண்டாம். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குதிரை பாய்ந்தோடும்போது முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் ஒவ்வொரு அடிக்கும் ரப்பர் போல இழுபட்டுத் திரும்புகிறது. அந்த இழுப்பில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. அதை வெளியேற்றும் அளவுக்கு அங்கே ரத்த ஓட்டம் இல்லை. நாணின் உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். குதிரையின் இயல்பான உடல்சூடே 37.5 முதல் 38.5 டிகிரிதான். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் இடத்தில் மேலும் சூடு ஏற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரைக் கால்களில் பீய்ச்சுங்கள், இல்லையென்றால் ஐஸ் வையுங்கள்.

இதே கணக்குதான் புதிய அடிக்கும். வீக்கமும் சூடும் இருக்கிற முதல் 2, 3 நாட்களுக்குக் குளிர்ச்சி. சூடு தணிந்த பிறகே ஒத்தடம். அதனால் ஒத்தடத்துக்கு முன் புறங்கையால் இரண்டு பக்கமும் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் அன்று ஒத்தடம் இல்லை. போர்வையை எடுத்த உடனே தொட்டால் எல்லா இடமும் சூடாகத்தான் தெரியும். கொஞ்சம் காற்றாட விட்டுவிட்டுத் தொடுங்கள்.

சரி, முதுகுக்கு வருவோம். ஈரச் சூடுதான் என் தேர்வு. உலர்ந்த சூட்டை ரோமம் தடுத்துவிடும், ஈரம் அதைத் தாண்டித் தோலைத் தொடும். உங்கள் மணிக்கட்டின் உட்புறம் சுளிக்காமல் தாங்கும் வெந்நீரில் பெரிய துண்டை நனைத்துப் பிழியுங்கள். தோள்மேட்டுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பின் இரு பக்கமும் படியும்படி போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் போர்வை. 15 முதல் 20 நிமிடம் போதும். துண்டு ஆறிவிட்டால் மறுபடி நனைத்துப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒருமுறை தூக்கித் தோலைப் பாருங்கள். மைக்ரோவேவில் சூடாக்கும் பை என்றால் நன்றாகப் பிசைந்துவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், நடுவில் மட்டும் கொதிப்பாக இருக்கும். மின்சார விரிப்பைப் போட்டுவிட்டு ஒருபோதும் நகராதீர்கள். சுடுகிறது என்று குதிரையால் சொல்ல முடியாது.

வலித்தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் கூடாது, தோல் வெந்துவிடும். அதிலும் மிளகாய்க் காரமான கேப்சைசின் கலந்த தைலம் பக்கமே போகாதீர்கள். சர்வதேசப் போட்டிகளை நடத்தும் எஃப்.இ.ஐ. அதைத் தடைசெய்த பொருளாக வைத்திருக்கிறது. திறந்த காயம், தொற்று, உணர்ச்சி குறைந்த இடம் ஆகியவற்றுக்கும் ஒத்தடம் வேண்டாம்.

மேலிருந்து வைக்கும் சூடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கினாலே பெரிது. முதுகுத் தசையோ பல சென்டிமீட்டர் தடிமன். மீதி வேலையை நடைதான் செய்ய வேண்டும். அதனால் துண்டை எடுத்த சூட்டோடு 10, 15 நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். அப்புறம் ஒரு காரட்டைக் காட்டி, கழுத்தை விலாப்பக்கம் மெல்லத் திருப்பச் செய்யுங்கள், பக்கத்துக்கு மூன்று முறை. தானாக எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு போதும், இழுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். ஒத்தடம் வலியை மங்கச் செய்யும், காரணத்தைத் தீர்க்காது. இரண்டு வாரம் கொடுத்தும் காலை விறைப்பு அப்படியே இருந்தால் சேணம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கால்நடை மருத்துவரிடம் பின்னங்கால்களையும் காட்டுங்கள். 13 வயதில் பின்னங்கால் மூட்டுத் தேய்மானம் முதுகு இறுக்கமாக வெளியே தெரிவது சகஜம். வேலைக்குப் பிறகு இடுப்பு, பின்தொடைத் தசைகள் கல்லாக இறுகி, வியர்த்துக்கொட்டி, நகர மறுத்தால், அல்லது சிறுநீர் கறுத்துப் போனால், அது தசை சிதைவாக இருக்கலாம். ஒத்தடமும் வேண்டாம், நடத்தவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.