டிக்கெட் இல்லாத மேடைகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நம் தென்னாப்பிரிக்காவின் மக்கான்டா ஊரில் நடக்கிற தேசியக் கலைவிழாவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மூன்று நாள் அங்கே இருந்தேன், டிக்கெட் வாங்கியது ஒரே ஒரு நாடகத்துக்கு, மற்றதெல்லாம் காசில்லாமல் பார்த்தது என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு கடிதங்கள். எல்லாவற்றையும் போட இடமில்லை, ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, நாங்கள் நான்கு பேர், இரண்டு சின்னப் பிள்ளைகள். பெட்ரோலுக்கும் தங்குவதற்குமே கையில் இருப்பது சரியாகப் போய்விடும். இலவச நிகழ்ச்சிகளை மட்டும் நம்பி டர்பனிலிருந்து அவ்வளவு தூரம் போகலாமா?
(வாசகி, சாட்ஸ்வர்த்)

போகலாம், ஆனால் தூரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், பிள்ளைகளோடு ஒரே மூச்சில் ஓட்டக்கூடிய வழி இல்லை. விழா ஜூன் கடைசியில் தொடங்கி பத்து நாள் போல நடக்கும், 1974-இலிருந்து நடக்கிறது. மக்கான்டா சின்ன ஊர் (2018 வரை கிரஹாம்ஸ்டவுன் என்று பெயர்), அதனால் விழா நாட்களில் பள்ளிக்கூட ஹால், சர்ச், மைதானம், நடைபாதை என்று எல்லாமே மேடையாகிவிடும். பெரிய நகரத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகவே பாதி நாள் ஓடிவிடும். இங்கே பெரும்பாலும் நடந்தே போகலாம். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு இந்த ஊர் ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஓவியம், சிற்பம், புகைப்படக் கண்காட்சிகளுக்குப் பொதுவாக நுழைவுக் கட்டணம் கிடையாது. வில்லேஜ் கிரீன் என்று ஒரு சந்தை போடுவார்கள், அங்கே பாட்டும் ஆட்டமும் வாங்குகிறவர்களுக்கும் சும்மா நிற்கிறவர்களுக்கும் ஒன்றுதான். தெருவில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஊர்வலம் இருக்கிறது. குன்றின் மேல் இருக்கிற 1820 செட்லர்ஸ் நினைவகத்துக்கு (1820-இல் வந்து குடியேறிய பிரிட்டிஷார் நினைவாகக் கட்டியது) மட்டும் கட்டாயம் ஏறிப் போங்கள். 1994-இல் தீப்பிடித்து எரிந்த கட்டடம் அது, 1996-இல் நெல்சன் மண்டேலா வந்து மறுபடி திறந்து வைத்தார். உள்ளே கூடத்தில் மாலை வேளையில் இலவசமாகக் கச்சேரி வைக்கிற வழக்கம் உண்டு. இந்த வருடம் எது எத்தனை மணிக்கு என்பதைப் புது நிகழ்ச்சி நிரலில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய தாளை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் கண்டது இதுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டை மட்டும் முடிவு செய்துவிட்டு நடுவில் உள்ள நேரத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும். இலவசம்தானே என்று பத்தைக் குறித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை, பிள்ளைகள் மதியத்துக்குள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஊர்வலம் புறப்படுவதற்கு அரைமணி முன்னால் பக்கத்துச் சந்துக்குள் போய் நின்றேன், நான் பார்த்ததிலேயே நல்ல காட்சி அங்கேதான் கிடைத்தது. ஒரு பக்கியின் (பின்னால் திறந்த பிக்கப் வண்டி) பின்பக்கத்தில் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலில் ஆட்டத்துக்குக் கட்டுகிற உயரமான மரக்கால், முழங்காலுக்குக் கீழே டயர் டியூபை வெட்டி எடுத்த பட்டையால் ஓர் அண்ணன் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டுக்கும் அவள் கட்டையைத் தார் ரோட்டில் டொக் டொக் என்று தட்டிப் பார்த்து, இன்னும் இறுக்கு என்று தலையசைத்தாள். பிறகு பக்கியின் ஓரத்தைப் பிடித்து எழுந்து நின்றாள், கூரைக்கு மேலே போய்விட்டாள். உங்கள் பிள்ளைகளை அந்தச் சந்துக்குக் கூட்டிப்போங்கள்.

இன்னொன்று, டர்பன் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மக்கான்டாவில் ஜூன் மாத இரவு எலும்பில் ஏறும். கம்பளித் தொப்பி, கனமான சாக்ஸ், ஆளுக்கு ஒரு போர்வை வேண்டும். அந்த ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடும் உண்டு, காரில் தண்ணீர் கேன் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பிள்ளைகளுக்காக ஒரே ஒரு நாடக டிக்கெட்டாவது வாங்குங்கள், இருட்டில் உட்கார்ந்து பார்க்கிற அனுபவமும் அவர்களுக்கு வேண்டும்.

இலவசம் என்றால் தரம் குறைவாகத்தானே இருக்கும்? நல்ல கலைஞர் யாராவது சும்மா ஆடுவார்களா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

தம்பி, இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து நேட்டால் துறைமுகத்தில் நின்றதே, அப்படிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களோடு தெருக்கூத்தும் வந்தது. இங்கே அதற்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். என் தாத்தா பார்த்ததைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பகல் முழுக்கக் கரும்பு வெட்டிய அதே கைகளில் இரவு புஜக்கட்டு ஏறும், கால்களில் சலங்கை ஏறும், ஆண்களே திரௌபதியாக வருவார்கள், கோயில் வாசலில் கோணிப்பையை விரித்துப் போட்டு விடியும்வரை சனம் உட்கார்ந்திருக்கும், நடுவில் தூங்கிப்போன பிள்ளைகளைப் போர்சண்டைக்கு மட்டும் எழுப்பிவிடுவார்கள். யாரும் டிக்கெட் கிழித்தது கிடையாது. அந்தக் கூத்தைத் தரம் குறைந்தது என்று சொல்வீர்களா? பார்க்கிறவர்களுக்குக் கதை மனப்பாடம், ஓர் அடி தப்பினாலும் கூட்டத்திலிருந்து குரல் வந்துவிடும், அதனால் ஆடுகிறவர்களும் ஏனோதானோ என்று ஆடிவிட முடியாது.

அப்புறம், சும்மா ஆடுகிறார்கள் என்பதும் பெரும்பாலும் சரியில்லை. நீங்கள் வாசலில் காசு கொடுப்பதில்லை, அவ்வளவுதான். விழா நடத்துகிறவர்கள் அரசு மானியம், லாட்டரி நிதி, நிறுவனங்களின் ஆதரவு என்று வாங்கி அதிலிருந்து கொடுக்கிறார்கள். உங்கள் வரியும் அதில் இருக்கிறது, ஆகவே தைரியமாகப் போய் முன்னால் நில்லுங்கள். தெருவில் தனியாக ஆடுகிறவர்கள் வேறு, அவர்களுக்குத் தொப்பியில் விழுவதுதான் கூலி. நான் வீட்டிலிருந்து புறப்படும்போதே ஐந்து ரான்ட் நாணயங்களை ஒரு சின்னப் பையில் போட்டு எடுத்துக்கொள்வேன். பதினைந்து நிமிடம் நின்று ரசித்துவிட்டு, தொப்பி வரும் நேரம் பார்த்து நழுவுகிறது நம் ஆட்களிலும் உண்டு, அது வேண்டாம். கையில் சில்லறை இல்லையென்றால் கேளுங்கள், பலர் ஸ்னாப்ஸ்கேன் அட்டை (போனால் ஸ்கேன் செய்து காசு அனுப்புவதற்கு) வைத்திருக்கிறார்கள்.

கேப்டவுனில் 2008-இலிருந்து இன்ஃபெக்டிங் தி சிட்டி என்று ஒரு விழா நடந்து வந்திருக்கிறது. நகரத்தின் நடுவே, வேலைக்குப் போகிறவர்கள் வருகிற தெருவிலேயே ஆட்டமும் நாடகமும். ஒன்று முடிந்ததும் கூட்டத்தை அடுத்த இடத்துக்கு நடத்திக்கொண்டே போவார்கள். ஆபீஸ் பையோடு நடுவில் வந்து சேர்ந்தவர்கள் கடைசிவரை கூட வந்துவிடுகிறதுண்டு.

மக்கான்டாவில் முகம் முழுக்க வெள்ளை பூசிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்தேன். காசு கொடுக்கலாமா, கூடாதா? என் கணவர் கூடாது என்கிறார்.
(வாசகி, மெரபேங்க்)

இந்தக் கேள்விக்கு மனசு கஷ்டப்படாமல் பதில் எழுத முடியவில்லை. அவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள், பக்கத்து டவுன்ஷிப்பிலிருந்து (கறுப்பின மக்களுக்கென்று அந்தக் காலத்தில் ஒதுக்கிய குடியிருப்பு) வருகிறவர்கள். விழா நாட்கள் வீட்டுக்கு நாலு காசு கிடைக்கிற நாட்கள். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் குளிரில் நிற்கலாமா, காசு கொடுத்தால் நாமே அதை வளர்க்கிற மாதிரி ஆகாதா என்று உங்கள் கணவர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஊரிலேயே இதைப் பற்றி வருடக்கணக்காகப் பேச்சு நடக்கிறது.

என் முடிவைச் சொல்கிறேன். நான் நின்று பார்ப்பேன். ஒரு பையன், எட்டு வயசு இருக்கும், உடைந்த பால் கூடையின் மேல் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். காற்று அடிக்கிறது, கண்ணில் நீர் வழிந்து வெள்ளைப் பூச்சில் கோடு விழுகிறது, அசையவில்லை. நாணயம் விழுந்த பிறகு மெதுவாக ஒரு கையைத் திருப்பி வணக்கம் வைத்தான். இதை எங்கேயோ பார்த்து, அவனே பழகி வைத்திருக்கிறான். அதற்கு நான் காசு கொடுத்தேன், மற்ற கலைஞர்களுக்குக் கொடுப்பது போலவே. இருட்டிய பிறகும் நிற்கிற பிள்ளைகளுக்குக் காசு கொடுப்பதில்லை, சூடாக ஏதாவது வாங்கிக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்வேன். கேட்காமல் போட்டோ எடுப்பது மட்டும் கூடவே கூடாது. கணவரிடம் சண்டை போடாதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளையின் முன்னால் நில்லுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது, கைத்தடி. கூட்டத்தில் எப்படி உட்கார வைப்பது?
(வாசகி, இசிபிங்கோ)

மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் புறப்படாதீர்கள். நடுவில் முன்னால் உட்கார வைக்காதீர்கள், கூட்டம் எழுந்தால் மறைத்துவிடும், வெளியே வரவும் வழி இருக்காது. பக்கவாட்டில், ஒலிபெருக்கிக்குப் பின்பக்கமாக, சுவரோரம் நல்ல இடம். கழிப்பறை எங்கே என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சிகளுக்குத் திறந்தவுடனே காலையில் போனால் அம்மா பாட்டுக்கு நின்று நின்று பார்க்கலாம்.

கேப்டவுனில் முதல் வியாழக்கிழமைகளில் கேலரிகள் திறந்திருக்கின்றன என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவே கூச்சமாக இருக்கிறது. ஏதாவது வாங்கச் சொன்னால் என்ன செய்வது?
(வாசகர், ரைலண்ட்ஸ்)

ஐயா, இந்தக் கூச்சம் எனக்குத் தெரியும், என் அம்மாவிடம் கடைசிவரை பார்த்தேன். டர்பனில் ஒரு கட்டடத்தின் வாசல்வரை வருவார், உள்ளே போகலாம் என்றால் நீ போய் வா, நான் இங்கேயே நிற்கிறேன் என்பார். எந்தப் பெஞ்சில் உட்காரலாம், கடற்கரையில் எந்தப் பக்கம் கால் நனைக்கலாம் என்பதற்கெல்லாம் பலகை வைத்திருந்த நாட்டில் வளர்ந்தவர் அவர். 1953-இல் போட்ட நிறவெறிச் சட்டம், 1990-இல்தான் எடுத்தார்கள். பலகையைக் கழற்றினாலும் அது உடம்பில் தங்கிவிடுகிறது. பொது இடம் என்ற சொல் நம்மை விட்டுவிட்டு எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் எல்லாருக்கும் திறந்த நிகழ்ச்சி என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தால் எனக்கு அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்த வியாழக்கிழமை ஏற்பாடு 2012-இல் தொடங்கியது. மாதத்தின் முதல் வியாழன், கேலரிகள் இரவு ஒன்பது மணி போல வரை திறந்திருக்கும். பிரீ ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் போனால் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தே பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு மேல் தெருவில் இளைஞர் கூட்டம் அதிகமாகிவிடும், நீங்கள் ஐந்தரைக்கே போய்விடுங்கள். உள்ளே போனால் தலையசைத்துவிட்டு நடக்க வேண்டியதுதான், வாங்கியே தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை, விலைப் பட்டியலைக் கையில் எடுத்துப் பார்க்கவும் தயங்க வேண்டாம். ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றால் யாராவது வந்து பேசுவார்கள், அப்போது உங்களுக்குத் தோன்றியதைக் கேளுங்கள், இதை எப்படிச் செய்தார், என்ன பொருள் என்று. படம் போட்டவரே அங்கே நிற்கிற நாளும் உண்டு. முதல் தடவை பிள்ளைகளைக் கதவைத் தள்ளச் சொல்லி நீங்கள் பின்னால் போங்கள், சரியா? அடுத்த மாதம் நீங்களே தள்ளுவீர்கள்.

டர்பனிலேயே ஒன்றும் இல்லையா?
(பல வாசகர்கள்)

நிறைய இருக்கிறது. குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் கலை மையம் நடத்துகிற மூன்று விழாக்களைப் பாருங்கள்: 1979-இலிருந்து திரைப்பட விழா, 1997-இலிருந்து பொயட்ரி ஆஃப்ரிக்கா கவிதை விழா, 1998-இலிருந்து ஜோம்பா நடன விழா. சில நிகழ்ச்சிக்கு டிக்கெட், சிலவற்றுக்கு இல்லை, இலவசமானதற்கும் சில சமயம் முன்பதிவு கேட்பார்கள், அதைக் கவனியுங்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் இன்னொருவர் இடம் வீணாகிறது. 1910-இல் கட்டிய சிட்டி ஹாலுக்குள் ஓவியக் கேலரி இருக்கிறது, நுழைவு இலவசம், அதே கட்டடத்தில் அருங்காட்சியகமும் உண்டு. ஈஸ்டர் சமயத்தில் கடற்கரையில் தேர்த் திருவிழா, ஆட்டம் பாட்டம் சாப்பாடு எல்லாம் காசில்லாமல். பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேர் இழுக்கிற கயிற்றைப் பிடித்துப் பாருங்கள்.

போன் திருட்டுப் பயம்?
(வாசகர், டோங்காட்)

உள்பையில் வையுங்கள், கூட்டம் கலைவதற்கு முன் வண்டியை வரவழைத்துவிட்டுப் புறப்படுங்கள், இருட்டில் தனியாகக் கார் நிறுத்திய இடத்துக்கு நடக்காதீர்கள். கார் காவலருக்குச் சில்லறை எடுத்து வையுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாமா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?
(வாசகி, ஷால்கிராஸ்)

தெருவிலும் புல்வெளியிலும் தாராளமாக. கண்காட்சி அறைக்குள் வேண்டாம். உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி ஊறிப் போகாது, கையில் எண்ணெய் வடியாது, மெழுகுத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்கில் இஞ்சி தட்டிய தேநீர், மூன்று கப் கூடுதலாக. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வாசனைக்குத் திரும்பிப் பார்ப்பார்கள், அவர்களுக்கும் ஊற்ற வேண்டியிருக்கும்.