தாமரை இலை ஸ்ப்ரே வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, ஆன்லைன்ல ஒரு நானோ ஸ்ப்ரே பாத்தேன், 'தாமரை இலை டெக்னாலஜி, ஒருவாட்டி அடிச்சா ஆயுசுக்கும் தண்ணி ஒட்டாது'ன்னு போட்டிருக்கான், விலை 799 ரூபா. மழை வருது, ஹெல்மெட் கண்ணாடிக்கும் கேன்வாஸ் ஷூவுக்கும் அடிக்கலாம்னு பாக்குறேன். நம்பி வாங்கலாமா?

பதில்: தம்பி, ஷூவுக்கு வாங்குங்க, ஹெல்மெட் கண்ணாடியில மட்டும் அடிச்சிராதீங்க.

தாமரை இலை மேல கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி மேடு நெறைய இருக்கு, அதுக்கு மேல மெழுகு, தண்ணி அந்த மேட்டு நுனியில மட்டும்தான் உக்காரும், அடியில காத்து நிக்கும், அதான் முத்தா உருண்டு தூசியையும் சேத்துக்கிட்டு ஓடிடுது. ஜெர்மனியில பான் பல்கலைக்கழகத்துல பார்த்லாட்னு ஒரு தாவரவியல்காரரும் அவரோட சேந்தவரும் 1997ல இத தெளிவா எழுதினாங்க, 1999லயே வெளிச்சுவர் பெயின்ட்டா கடைக்கு வந்துருச்சு. அதனால விஷயம் உண்மைதான்.

ஆனா 'ஆயுசுக்கும்'ங்கறது பொய். ஒரு தாமரை இலைய விரலால நல்லா அழுத்தித் தேச்சுட்டு தண்ணி விட்டுப் பாருங்க, தேச்ச எடத்துல ஒட்டும். உசுரோட இருக்குற இலை மெழுகத் திரும்ப சுரந்துக்கும், உங்க ஷூ சுரக்காது, மடங்குற எடத்துலயும் ஒரசுற எடத்துலயும் மொதல்ல போகும், திரும்ப அடிக்கணும். சோப்புத் தண்ணி பட்டாலும் வேலை செய்யாது. குழம்பு எண்ணெய் சிந்தினா அதையும் தடுக்கும்னு நெனைக்காதீங்க, தாமரை இலையிலயே எண்ணெய் பரவத்தான் செய்யும்.

கண்ணாடிக்கு ஏன் வேணாம்னா, ஸ்ப்ரே அடிச்ச எடத்துல அந்த மாதிரி மேடு பள்ளம் இருந்தா வெளிச்சம் செதறும், வெள்ளையா மங்கிப் போகும், ராத்திரி எதிர் வண்டி லைட்டு பட்டா ரோடே தெரியாது, இது உசுரு விஷயம் தம்பி. கண்ணாடியில மழைத்தண்ணி நிக்காம இருக்க, மேடு பள்ளம் இல்லாம வழுவழுப்பா படியுற லிக்விட் தனியா இருக்கு, தண்ணி தாமரை இலையில மாதிரி தானா உருளாது, ஆனா வேகத்துல காத்தடிச்சு ஓடிடும். ஹெல்மெட் கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட்ங்கற பிளாஸ்டிக், சில கெமிக்கல் பட்டா வெடிப்பு விடும், அதனால 'பிளாஸ்டிக்குக்கு ஏத்தது'ன்னு போட்டிருந்தா மட்டும் வாங்குங்க.

உள்பக்கம் மூச்சுல பனி மாதிரி படியுறதுக்கு இது ரெண்டுமே ஆகாது, அங்க தண்ணி துளித்துளியா நிக்காம மெல்லிசா பரவணும், ஆன்டி-ஃபாக்னு கேட்டு வாங்குங்க.

அப்புறம், ஸ்ப்ரேய ரூமுக்குள்ள அடிக்காதீங்க. நுரையீரலுக்குள்ள போனா மூச்சுத் திணறும். மொட்டை மாடியில, காத்து போற பக்கமா அடிச்சு, பூரா காயவிட்டு உள்ள எடுத்துட்டு வாங்க.