கட்டைக்கு முன்னால் வரும் பயம்

வணக்கம்.

பெங்களூரில் ஒரு ரைடிங் பள்ளியில் பதினான்கு மாதங்களாக, வாரத்துக்கு இரண்டு நாள், குதிரையேற்றம் கற்றுவருகிறேன். வயது 36. வாக் (நடை), ட்ராட் (துள்ளுநடை), கேன்டர் (மெதுவான பாய்ச்சல்) மூன்றையும் சமாளிக்கிறேன். ஆனால் கேன்டரில் கால் முன்னால் போய், நாற்காலியில் உட்கார்ந்தது போல ஆகிவிடுகிறது. ஜம்ப்புக்காக முன்னே சாய்ந்தால் அதே கால் பின்னால் பறக்கிறது, குதிகால் மேலே எழும்புகிறது. "குதிகாலை இறக்கு, நிமிர்ந்து பார்" என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன், தாண்டுவதற்காக 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்த கட்டையின் முன் குதிரை நின்றுவிட்டது. அதன் தோளுக்கு மேலாகப் போய் விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் அன்று முதல் கட்டை நெருங்கும்போதெல்லாம் என்னை அறியாமல் லகானை இழுக்கிறேன். குதிரை வேகமெடுக்கிறது, இல்லையென்றால் நின்றுவிடுகிறது. பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரை அது. இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது? (பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பயத்தை உடனே விரட்ட வேண்டாம் என்பேன். குதிரை திடீரென்று நின்றால் உங்களால் மேலே தங்க முடியாது என்று உங்கள் உடம்பு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இன்றைய நிலையில் அந்தக் கணக்கு சரி. தைரியம் சொல்லி அதை மாற்ற முடியாது. கால் நிலைத்தால்தான் மாறும். ஆகவே முழங்காலுக்குக் கீழிருந்து தொடங்குகிறேன்.

"குதிகாலை இறக்கு" என்பது பாதி அறிவுரை. அதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் பாதத்தை முன்னே தள்ளி அங்கவடியை (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தை) மிதிக்கிறார்கள். கால் முன்னே போகிறது, இடுப்பு சேணத்தின் பின்பக்கம் சரிகிறது, நீங்கள் சொல்லும் நாற்காலி வந்துவிடுகிறது. குதிகால் தானாக இறங்க வேண்டும். உடம்பின் பாரம் இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று எங்கும் தடைபடாமல் கீழே வந்தால் அது இறங்கும். உங்களுக்கு அந்தப் பாரம் முழங்காலிலேயே நின்றுவிடுகிறது. பயத்தில் முழங்காலால் சேணத்தை இறுக்குகிறீர்கள். இறுக்கிய முழங்கால் கீல் போல வேலை செய்யும்: மேலுடம்பு முன்னே சாய்ந்தால் கீழ்க்கால் பின்னே போயே தீரும். கேன்டரில் முன்னே போகும் காலும் ஜம்ப்பில் பின்னே போகும் காலும் இரண்டு தவறுகளாகத் தோன்றும். மூலம் ஒன்றுதான்.

முதலில் அங்கவடியின் நீளத்தைப் பாருங்கள். கால்களை அங்கவடியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டால், அதன் மிதிதட்டு கணுக்கால் எலும்பின் உயரத்தில் இருக்க வேண்டும். இது கட்டை தாண்டாத தரைப் பயிற்சிக்கான அளவு. ஜம்ப்புக்கு இதிலிருந்து, அங்கவடி தொங்கும் வாரில் இரண்டு அல்லது மூன்று துளை குறைக்க வேண்டும். கற்பவர்கள் பலரும் தரை அளவிலேயே தாண்டப் போகிறார்கள். அங்கவடி நீளமாக இருந்தால் கால்விரலால் அதைத் தேட வேண்டிவரும், அப்போது குதிகால் எழும்பாமல் என்ன செய்யும்? துளையை எண்ணி இரண்டு பக்கமும் சமம் என்று நம்பிவிடவும் வேண்டாம். இடப்பக்கமாகவே எல்லோரும் ஏறுவதால் பள்ளிச் சேணங்களின் இடது வார் நாளடைவில் நீண்டுபோகும். வார்களைக் கழற்றி, பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். அவ்வப்போது இடதையும் வலதையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். சேணத்தின் ஆழமான பகுதி நடுவில் இல்லாமல் பின்னால் இருந்தாலும் நாற்காலி உட்காரல்தான் வரும். வேறொரு சேணத்தில் ஏறியதும் கால் சரியாகிவிட்டால் குற்றம் உங்களுடையது அல்ல.

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கரான செனஃபோன் குதிரையேற்றம் பற்றி எழுதியபோதே இதைச் சொல்லிவிட்டார்: நாற்காலியில் அமர்வது போல உட்காராதே, காலை அகட்டி நிமிர்ந்து நிற்பவன் போல இரு. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில். உங்கள் அடியிலிருந்து குதிரையை மட்டும் உருவிவிட்டால் நீங்கள் இரண்டு காலில் தரையில் நிற்க வேண்டும், பின்பக்கம் விழக்கூடாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. குதிரை அசையாமல் நிற்கும்போது, கையால் எதையும் பிடிக்காமல், அங்கவடியில் எழுந்து நில்லுங்கள். பின்னால் பொத்தென்று உட்கார்ந்தால் கால் முன்னே இருக்கிறது. முன்னால் கழுத்தில் சரிந்தால் கால் பின்னே இருக்கிறது. பத்து எண்ணும்வரை நிற்க முடிந்தால், நடையில் அதையே செய்யுங்கள். பிறகு ட்ராட்டில், இரண்டு தாளம் எழுந்திருந்து ஒரு தாளம் உட்காரும் பயிற்சி. வழக்கமான எழுந்து உட்காரலில் குதிரையே உங்களைத் தூக்கிவிடும், இதில் ஏமாற்ற முடியாது. அதன் பிறகு டூ பாயின்ட்: பிட்டத்தைச் சேணத்திலிருந்து சற்றே உயர்த்தி, இடுப்பை மடித்து, மார்பைத் திறந்து, பாரத்தைக் குதிகாலில் விடுவது. கீழ்க்கால் கர்த் பட்டையை (குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தைக் கட்டும் பட்டையை) ஒட்டியே இருக்க வேண்டும். 20க்கு 40 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்று 120 மீட்டர். முதலில் அரைச் சுற்று போதும். கால் நடுங்கத் தொடங்கியதும் உட்கார்ந்துவிடுங்கள், களைத்த கால் இறுக்கவே கற்றுக்கொள்ளும்.

அங்கவடி இல்லாமல் ஓட்டும் பயிற்சியைச் சிலர் சர்வரோக நிவாரணியாகச் சொல்வார்கள். ஏற்கெனவே முழங்காலால் இறுக்குகிறவருக்கு அரை மணி நேரம் அதைக் கொடுத்தால் இறுக்கம்தான் வளரும். நீண்ட கயிற்றில் வேறொருவர் குதிரையைச் சுற்றவிட, இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டும் செய்யலாம்.

இனி கட்டைக்கு வருவோம். நீங்கள் விழுந்த கதையில் எனக்குத் தெரிவது இது: குதிரை எழும்புவதற்கு முன்பே நீங்கள் எழும்பிவிட்டீர்கள். தாண்டுவது குதிரையின் வேலை. அது முன்னங்காலைத் தூக்கும்போது அதன் கழுத்தும் தோளும் உங்களை நோக்கி வருகின்றன, அந்த அசைவே உங்கள் இடுப்பை மடித்துவிடும். நீங்களாக முன்னே பாய்ந்தால், அது முன்பாகத்தைத் தூக்க வேண்டிய நொடியில் உங்கள் எடையை அங்கேயே ஏற்றுகிறீர்கள். பல குதிரைகள் நிற்பது இதனால்தான். அப்படி நின்றால், ஏற்கெனவே முன்னே போய்விட்ட உடம்பைத் தடுக்க எதுவும் இல்லை. தோள் காத்திருந்தால் குதிரைக்கும் எழும்ப எளிது, நின்றாலும் நீங்கள் சேணத்தில் இருப்பீர்கள்.

பின்தங்கினால் வேறு தொல்லை. கை லகானில் தொங்கும், பிட் (லகானோடு சேர்ந்த வாய்க்கம்பி) வாயில் இடிக்கும், முதுகில் நீங்கள் தொப்பென்று விழுவீர்கள். தாண்டினால் வலிக்கும் என்று குதிரை கற்றுக்கொள்ளும். இதற்குப் பிடரி மயிர் இருக்கிறது. கழுத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், கட்டைக்குக் குதிரையின் காலடியில் மூன்று எட்டு இருக்கும்போதே ஒரு பிடி பிடித்துக்கொள்ளுங்கள். பழைய அங்கவடி வாரைக் கழுத்தில் சுற்றிக் கட்டி அதைப் பிடித்தாலும் சரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கக் குதிரைப்படை வீரர்கள் பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி, குதிரையின் வாயை இழுத்தபடிதான் தாண்டினார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ காப்ரில்லி (1868–1907), ஆள் இல்லாமல் குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்து, அதன் கழுத்தையும் முதுகையும் விடுவிக்கும் முன்சாய்வு முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்கத் தாண்டுவது அவர் வழியில்தான்.

லகானை இழுப்பது உங்கள் குதிரையிடம் இரட்டிப்புக் கெடுதல் செய்கிறது. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் பார்வை கிடையாது. கட்டையை அளக்க அதற்குத் தலையை ஏற்றி இறக்க இடம் வேண்டும், கடைசி எட்டுகளில் நீங்கள் அதைப் பறிக்கிறீர்கள். இன்னொன்று, பந்தயக் குதிரை பிட்டின் மேல் சாய்ந்து ஓடப் பழகியது. ஜாக்கி முன்குனிந்து லகானைக் குறுக்கிப் பிடித்தால் அதற்கு 'ஓடு' என்றுதான் பொருள். பயத்தில் நீங்கள் முன்குனிந்து இழுக்கிறீர்கள். அது சொன்னதைச் செய்கிறது, பாவம். வேகம் குறைய வேண்டுமென்றால் நிமிர்ந்து, பிடித்து விட்டு, பிடித்து விட்டு, ஒரு வட்டம் சுற்றுங்கள். கட்டைக்கு நேராக வந்த பிறகு இழுக்கக் கூடாது, வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

60 சென்டிமீட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தரையில் கிடக்கும் கட்டைகளில் தொடங்குங்கள். ட்ராட்டுக்கு இடைவெளி சுமார் 1.35 மீட்டர், அதாவது உங்கள் காலால், 90 சென்டிமீட்டர் வீதம், ஒன்றரைப் பெரிய எட்டு. ஒன்று போடுங்கள் அல்லது மூன்று போடுங்கள். இரண்டு போட்டால் சில குதிரைகள் இரண்டையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவிவிடும். உருளும் கட்டைக்கு மணல் மூட்டை அணை கொடுங்கள், குளம்பு பட்டு உருண்டால் காலே மடங்கும்.

அடுத்தது குறுக்குக் கட்டை, அதாவது இரண்டு கட்டைகளை எக்ஸ் வடிவில் வைப்பது. நடுவில் 30 சென்டிமீட்டர் போதும், குதிரை தானாக நடுவுக்கு வரும். அதற்கு முன்னால் 2.7 மீட்டரில் தரையில் ஒரு கட்டை, அதாவது மூன்று பெரிய எட்டு. ட்ராட்டில் வந்தால் எங்கே எழும்ப வேண்டும் என்பதை அந்தக் கட்டையே தீர்மானித்துவிடும், நீங்கள் தூரத்தைக் கணிக்க வேண்டியதில்லை. பயத்தில் பாதி 'எப்போது?' என்ற கேள்விதான். அது பழகியதும் குறுக்குக் கட்டைக்கு அப்பால் 5.4 மீட்டரில் இன்னொரு சிறு கட்டை வையுங்கள், நடுவே ஒரு கேன்டர் எட்டு வரும். கேன்டரிலேயே உள்ளே வருவதானால் 7.2 மீட்டர். கேன்டரின் ஒரு எட்டு 3.6 மீட்டர், உங்கள் காலால் நான்கு எட்டு. 90 சென்டிமீட்டர் எட்டு வைக்க வீட்டு மாடியில் அளவு நாடாவை விரித்துப் பழகுங்கள். நேர்க்கட்டை (எக்ஸ் வடிவில் இல்லாமல் படுக்கையாக உயர்த்திய கட்டை) வைக்கும்போது தரைக்கட்டை அதற்கு அடியிலோ சற்று முன்னாலோ கிடக்கட்டும். பின்னால் போட்டால் குதிரை தூரத்தைத் தவறாகக் கணிக்கும்.

ஒரே உயரத்தில் தொடர்ந்து மூன்று முறை சுகமாகத் தாண்டி, அடுத்த வகுப்பிலும் அப்படியே நடந்தால் 5 சென்டிமீட்டர் ஏற்றுங்கள். அலுப்பு வர வேண்டும், அதுதான் அளவு. உயரம், அகலம், வேகம் மூன்றில் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு வகுப்பில் பன்னிரண்டு, பதினைந்து தாவல் போதும். மழைச் சேற்றில் வேண்டவே வேண்டாம். கட்டையை நோக்கி வரும்போது எட்டுகளை வாய்விட்டு எண்ணுங்கள், தமிழிலேயே எண்ணுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது, மூச்சு அடங்காவிட்டால் முழங்காலும் அவ்வளவு இறுகாது. பார்வை கட்டைக்கு அப்பால் ஒரு மரத்தின் மேல் இருக்கட்டும்.

உங்களிடம் நிற்கும் குதிரை பயிற்சியாளரிடமும் நிற்கிறதா என்று கேளுங்கள். அவரிடம் தாண்டினால் வேலை உங்களுடையது. எல்லோரிடமும் நின்றால் முதுகு, குளம்பு, பல், சேணம் ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும். எப்படியானாலும் சில வாரங்களுக்கு வயதான, சோம்பலான ஒரு குதிரையைக் கேட்டு வாங்குவது நல்லது.

விழுந்த அன்று ஹெல்மெட் தரையில் பட்டதா? பட்டிருந்தால், கீறல் தெரியாவிட்டாலும், அதை மாற்றிவிடுங்கள். உள்ளே நசுங்கிய நுரை மறுமுறை காக்காது. விழுந்தவுடன் மறுபடி ஏறு என்ற பழைய வீரப் பேச்சையும் ஒதுக்குங்கள். தலையில் அடிபட்டவர் அன்று ஏறக்கூடாது.

பயிற்சியை யாரையாவது பக்கவாட்டில் நின்று, உங்கள் அங்கவடி உயரத்தில் கேமராவை வைத்துப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். குதிரையின் முன்னங்கால் தரையை விட்டு எழும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். உங்கள் குதிகால் கர்த் பட்டையின் அருகிலேயே இருந்தால் 5 சென்டிமீட்டர் ஏற்றலாம். பின்னால் போயிருந்தால் கட்டையை இறக்கி, மறுபடி அரைச் சுற்று டூ பாயின்ட்.